ஒரு நூல் கேப்: கதவு மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நவம்பர் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூணு நாளா விடாத மழை. எங்க ஆயா பாத்ரூமுக்குள்ள போனாங்க. (எங்க ஊர்ப்பக்கம் பாட்டியை ஆயான்னு தான் கூப்பிடுவோம்.) உள்ளே தாழ்ப்பாள் போட்டாங்க. திரும்ப வெளியே வர முடியல.

தாழ்ப்பாள் நகர்ந்தது, ஆனா கதவு நகரல. கதவு நிலைக்குள்ள அப்படியே கவ்விக்கிட்டு நின்னுடுச்சு. அது உள்பக்கமா திறக்கிற கதவு. அதனால் ஆயா உள்ளே இருந்து இழுக்கணும். 78 வயசுல எவ்வளவு இழுக்க முடியும்? வெளியே இருந்து நானும் அப்பாவும் தள்ளலாம்னா, கதவு திடீர்னு திறந்து அவங்க மேலேயே அடிச்சா என்ன பண்றது? "ஆயா, ஓரமா ஸ்டூல்ல உக்காருங்க, பயப்படாதீங்க"ன்னு கத்திக்கிட்டே, கடைசியில் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து மெதுவா நெம்பித் திறந்தோம். 40 நிமிஷம் ஆச்சு. ஆயாவுக்கு ஒண்ணும் ஆகல. வெளியே வந்ததும் அவங்க சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கதவு உங்க தாத்தா மாட்டினது, அதை உடைக்கல இல்ல?"

நான் நாலாவது வருஷம் மெக்கானிக்கல். ஆறு செமஸ்டரா ஃபோர்ஸ், மொமென்ட், டாலரன்ஸ்னு எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். ஆனா எங்க வீட்டு பாத்ரூம் கதவு ஏன் சிக்கிச்சுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியல. அந்த வெட்கத்தில் கத்துக்கிட்டது தான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டிலும் யாராவது வீடு கட்டிட்டு இருந்தா, கதவு வேலை வர்றதுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

எங்க வீடு, எங்க கணக்கு

எங்க ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்தில் இருந்து வேலூர் போற வழியில் சுமார் 12 கிலோமீட்டர், பாலுசெட்டி சத்திரம் பக்கத்தில். ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம்னு தலபுராணம் சொல்ற விஜயராகவப் பெருமாள் கோவில் எங்க ஊர்ல தான் இருக்கு. அப்பா பட்டு நெசவு. வீட்டுக்குள்ளேயே குழித்தறி.

பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு புது வீடு கட்டினோம். மொத்தமா ஒருத்தர்கிட்ட காண்ட்ராக்ட் விட காசு இல்லை. அதனால் சாமான் எல்லாம் நாங்களே வாங்கி, கூலி மட்டும் மேஸ்திரிக்குக் கொடுக்கிற முறை. தமிழ்நாட்டில் கிராமத்து வீடுகள் நிறைய இப்படித்தான் எழும்புது. 2024-ல் தொடங்கின கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கிறாங்களே, அந்த மாதிரி வீடுகளிலும் வீட்டுக்காரங்க தான் நின்னு கட்டுவாங்க.

இப்படிக் கட்டும்போது ஒரு பிரச்சினை வரும். அஸ்திவாரம், கம்பி, சிமென்ட், காங்கிரீட்னு எல்லாக் காசும் அங்கேயே போயிடும். கதவு வர்றப்போ கை காலி. "கதவு தானே, அப்புறம் பாத்துக்கலாம்"னு எல்லாரும் சொல்வாங்க. நாங்களும் சொன்னோம். காசு மிச்சம் பண்ண, பழைய வீட்டுல தாத்தா காலத்துத் தேக்குப் பலகைக் கதவு ஒண்ணு இருந்ததை அறுத்து பாத்ரூமுக்கு மாட்டினோம். அது தான் ஆயாவைப் பிடிச்சு வச்ச கதவு.

நூல்னா என்ன?

ஆசாரிகிட்ட பேசணும்னா முதல்ல இந்த அளவு தெரியணும். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். அதாவது ஒரு நூல் 1/8 இன்ச், கிட்டத்தட்ட 3 மி.மீ. நெசவுக்காரர் வீட்டுப் பையனுக்கு நூல்னா பட்டு தான் ஞாபகம் வரும். ஆசாரி "ஒரு நூல் விட்டு மாட்டணும் தம்பி"ன்னு சொன்னப்போ நான் நிஜமாவே அப்பாவோட பட்டு நூலை நினைச்சு முழிச்சேன்.

கதவுக்கும் நிலைக்கும் நடுவுல மேலேயும் ரெண்டு பக்கமும் விடுற இடைவெளி தான் இந்த ஒரு நூல். கீழே தரைக்கு மேல 2 நூல்ல இருந்து 3 நூல். கதவு வேலை முழுக்க இந்த ஒரு நூலைக் காப்பாத்துற வேலை தான். அந்த ஒரு நூலை மூணு பேர் தின்னப் பார்ப்பாங்க: கோணலான நிலை, ஈரம் குடிச்ச மரம், தொங்கிப்போன கீல். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் எதிரி: கோணல் நிலை

எங்க பக்கம் வாசக்கால் வைக்கிறதுன்னு சொல்லுவோம். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வச்சு, பூ சுத்தி, தலைவாசல் நிலையைத் தூக்கி நிறுத்துவாங்க. போட்டோ எடுப்பாங்க, ஸ்வீட் கொடுப்பாங்க. எல்லாம் சரி. அந்தக் கூட்டத்தில் தூக்குக்குண்டு யார் கையில் இருக்குன்னு மட்டும் கவனிங்க.

நிலையில் மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, ரெண்டு கால்களும் செங்குத்தா நிக்கணும். இதை ஒரு பக்கம் மட்டும் பார்த்தா போதாது. முன்பக்கம் ஒரு தடவை, உள்பக்கம் ஒரு தடவை, ரெண்டு திசையிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கணும். கீல் மாட்டுற கால் சாய்ஞ்சிருந்தா கதவு தானா திறக்கும், இல்ல தானா மூடும். பேய் வீடுன்னு நினைக்க வேண்டாம். கதவோட சுழல் அச்சு சாய்ஞ்சிருக்கு, எடை தனக்கு எது தாழ்வான இடமோ அங்கே போய் நிக்குது. அவ்வளவு தான்.

ரெண்டு, நாலு மூலையும் 90 டிகிரி. இதுக்கு மூலைமட்டம் வேண்டாம், டேப் போதும். எதிர் எதிர் மூலைகளைக் குறுக்கா அளங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். 7 அடிக்கு 3.5 அடி நிலைன்னா குறுக்களவு கிட்டத்தட்ட 7 அடி 10 இன்ச் வரும். எட்டாவதுல படிச்ச பிதாகரஸ் தான். ரெண்டு அளவுக்கும் 2 நூல் வித்தியாசம் வந்தாலே நிலையைத் தட்டிச் சரி பண்ணச் சொல்லுங்க. சிமென்ட் இறுகின பிறகு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

மூணு, தரை மட்டம். நாங்க தப்பு பண்ணின இடம் இது. நிலை வைக்கும்போது டைல்ஸ் போட்டிருக்க மாட்டாங்க. வெறும் கரடுமுரடு தரை. அதை வச்சு அளந்தா, அப்புறம் மேல கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை, ரெண்டு இன்ச் ஏறிடும். எங்க படுக்கையறைக் கதவை அதனால் அடியில் அறுக்க வேண்டியதாச்சு. ஃப்ளஷ் டோரை இஷ்டத்துக்கு அறுக்கவும் முடியாது. அதோட ஓரத்தில் சுத்தி ஒரு மரச்சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்தைத் தாண்டி அறுத்தா உள்ளே இருக்கிற கட்டைகள் வெளியே தெரியும், தண்ணி நேரா உள்ளே போகும்.

இதுக்கு வழி ரொம்ப ஈஸி. தண்ணி ஊத்தின டியூப் லெவல் வச்சு, வீடு முழுக்க எல்லாச் சுவரிலும் டைல்ஸ் மட்டத்தில் இருந்து சரியா 1 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டுடுங்க. அப்புறம் நிலை, ஜன்னல், சுவிட்ச் பாக்ஸ் எல்லாத்தையும் அந்தக் கோட்டில் இருந்து அளங்க. தரையை நம்பாதீங்க, கோட்டை நம்புங்க.

இன்னொண்ணு. நிலையைச் சுவரோடு பிடிச்சு வைக்கிறது ஒவ்வொரு காலிலும் மாட்டுற இரும்பு கிளாம்பு தான். காலுக்கு மூணாவது இருக்கணும். சுவர்ல பதியற மரப்பக்கத்துக்கு முன்னாடியே ஒரு கோட் பிரைமர் இல்லைன்னா தார் பூசிடுங்க. அந்தப் பக்கத்தை இனி வாழ்நாளில் பார்க்க மாட்டீங்க. ஆனா கரையான் பார்க்கும்.

2.5 அடி கதவு எத்தனை அடி?

இது கேள்வியே தப்பு மாதிரி இருக்கும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பாத்ரூமுக்கு 2.5 அடி நிலைன்னு சொல்றாங்க. அது வெளி அளவு, 30 இன்ச். ரெண்டு பக்கமும் சட்டம் ரெண்டரை ரெண்டரை இன்ச் போனா நடுவுல 25 இன்ச். கதவை 90 டிகிரி திறந்து வச்சா அதோட தடிமன் இன்னும் ஒரு இன்ச்சுக்கு மேல வழியில் நிக்கும். மிச்சம் 24 இன்ச். ஆக 2.5 அடி கதவில் நீங்க நடந்து போற இடம் 2 அடி தான்.

நமக்குப் பிரச்சினை இல்லை. ஒரு நாள் ஆயாவுக்கு வாக்கரோ வீல்சேரோ தேவைப்பட்டா? மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வழிகாட்டு விதிகள் கதவில் தடையில்லாத வழி 900 மி.மீ. இருக்கணும்னு சொல்லுது. கிட்டத்தட்ட 3 அடி. இதை நிலை வைக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சா கூடுதல் செலவு ரொம்பக் குறைவு. அப்புறம் யோசிச்சா சுவரை இடிக்கணும். நாங்க இடிச்சோம். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பாத்ரூம் நிலையைப் பிடுங்கி, அகலமாக்கி, வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி வச்சோம். யாராவது உள்ளே மயங்கி விழுந்தா, உள்பக்கமா திறக்கிற கதவுக்கு அவங்க உடம்பே தடையாயிடும். வெளிப்பக்கம் திறக்கிற கதவுக்கு அந்தப் பயம் இல்லை.

ரெண்டாவது எதிரி: மூச்சு விடுற மரம்

"பழைய தேக்கு, அம்பது வருஷம் காய்ஞ்சது, இனிமே அசையவே அசையாது." எங்க தெருவில் எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. நானும் நம்பினேன். இது பாதி உண்மை. காய்ஞ்ச மரம் முறுக்கிக்காது, வெடிக்காது. ஆனா காத்துல ஈரம் ஏறினா எந்த வயசு மரமும் ஈரத்தை இழுத்து விரியும். வெயில் வந்தா விட்டுட்டுச் சுருங்கும். ஒவ்வொரு வருஷமும் இது நடக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியாது. நீளவாக்கில், அதாவது ரேகை ஓடுற திசையில், கிட்டத்தட்ட விரியவே விரியாது. அகலவாக்கில் தான் விரியும். தேக்கு பச்சை மரமா இருந்து முழுசா உலரும்போது வளையங்களை ஒட்டின திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும், மையத்தில் இருந்து பட்டையை நோக்கின திசையில் சுமார் 2.5 சதவீதம். மத்த மரங்களோட ஒப்பிட்டா இது குறைவு. தேக்குக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதுக்கு ஒரு காரணம் இது தான்.

மரம் சுருங்க ஆரம்பிக்கிறது ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு. அப்போ ஈரம் 1 சதவீதம் மாறினா அகலம் சுமார் 0.2 சதவீதம் மாறும். மழைக்காலத்தில், அதுவும் பாத்ரூமில், மரத்தோட ஈரம் 5 சதவீதம் ஏறுச்சுன்னு வைங்க. அகலம் 1 சதவீதம் கூடும்.

எங்க பாத்ரூம் கதவு சுமார் 26 இன்ச் அகலம். பலகைகளைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஒட்டின கதவு. அப்போ அந்த 26 இன்ச்சும் விரியும். 1 சதவீதம்னா 0.26 இன்ச். அதாவது 2 நூல்! நாங்க விட்டிருந்த கேப், ரெண்டு பக்கமும் சேர்த்து 2 நூல். மொத்தமும் காலி. அன்னைக்கு ஆயாவைப் பிடிச்சு வச்சது இந்தக் கணக்கு தான். வேற எந்த மர்மமும் இல்லை.

இப்போ பழங்காலத்து ஆசாரிங்க எவ்வளவு புத்திசாலிங்கன்னு பாருங்க. சட்டம் போட்ட பலகைக் கதவை நீங்க பார்த்திருப்பீங்க. சுத்தி கனமான சட்டம், நடுவுல மெல்லிசான பலகைகள். அந்தப் பலகையை யாரும் சட்டத்தோட ஒட்ட மாட்டாங்க, ஆணியும் அடிக்க மாட்டாங்க. சட்டத்தில் ஒரு பள்ளம் எடுத்து அதுக்குள்ள சும்மா நிறுத்தி வைப்பாங்க. மழைக்காலத்தில் பலகை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விரியும், கோடையில் சுருங்கும். கதவோட மொத்த அகலம் மாறாது. மாறுறது ரெண்டு நெடுஞ்சட்டம் மட்டும். 4 இன்ச் சட்டம் ரெண்டுன்னா 8 இன்ச். அதில் 1 சதவீதம் 0.08 இன்ச், ஒரு நூலுக்கும் கம்மி. கேப் தப்பிச்சுது. நான் இதை அழகுக்காகப் பண்ற டிசைன்னு தான் இத்தனை வருஷம் நினைச்சிட்டு இருந்தேன்.

ஃப்ளஷ் டோர் வேற வழியில் இதே வேலையைச் செய்யுது. பிளைவுட்ல ஒரு அடுக்கோட ரேகை நேரா, அடுத்த அடுக்கோட ரேகை குறுக்கா. ஒண்ணு விரியப் பார்த்தா இன்னொண்ணு பிடிச்சு நிறுத்தும். வாங்கும்போது ஐ.எஸ். 2202 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கான்னு பாருங்க. பாத்ரூமுக்கு பி.வி.சி. இல்லைன்னா டபிள்யூ.பி.சி. கதவு தான் நிம்மதி. நாங்களும் கடைசியில் அது தான் மாட்டினோம்.

எந்த மரக்கதவா இருந்தாலும் ஒரு டிப்ஸ்: பெயின்டர் முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் பளபளன்னு அடிச்சுட்டுப் போயிடுவார். மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் யாரும் பார்க்க மாட்டாங்கன்னு விட்டுடுவார். மரம் அதிகமா தண்ணி குடிக்கிறதே அந்த முனைகள் வழியாத்தான். கதவை மாட்டுறதுக்கு முன்னாடியே அடி விளிம்புக்கு ரெண்டு கோட் அடிச்சுடுங்க. மாட்டின பிறகு பிரஷ் உள்ளே போகாது.

மூணாவது எதிரி: தொங்கிப்போற கீல்

இங்கே தான் என் டிகிரி கொஞ்சம் உதவிச்சு. 3 அடி அகலம், 30 கிலோ எடை உள்ள கதவு. எடை முழுக்க கதவோட நடுவுல, அதாவது கீலில் இருந்து 1.5 அடி தள்ளி இருக்கிறதா எடுத்துக்கலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவுல 5 அடி தூரம். மேல் கீலைச் சுவரில் இருந்து பிடுங்கி இழுக்கிற விசை:

30 × 1.5 ÷ 5 = 9 கிலோ

கீழ்க் கீலை அதே 9 கிலோ உள்ளே அழுத்தும். இப்போ கைப்பிடியைப் பிடிச்சு ஒரு 20 கிலோ குழந்தை தொங்கி ஊஞ்சல் ஆடுதுன்னு வைங்க. 20 × 3 ÷ 5 = 12 கிலோ கூடுதல். மொத்தம் 21 கிலோ, அதுவும் ஆடி ஆடி இழுக்குது. "கதவுல தொங்காதடா"ன்னு அம்மா அடிச்சதுக்கு இது தான் ஈக்வேஷன்.

இதில் இருந்து ரெண்டு விஷயம் புரியும். கீல்களுக்கு நடுவுல தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அதே கதவுக்கு 4 அடி தூரத்தில் மாட்டினா 9 கிலோ 11 கிலோவுக்கு மேல போயிடும். அப்புறம், பாவம் மேல் கீல் ஸ்க்ரூ தான் எப்பவும் அடி வாங்குது. அது 3 மி.மீ. வெளியே வந்தா போதும். கதவோட மேல் மூலை எதிர் நிலைக்காலைப் பார்த்து 3 மி.மீ. போயிடும், கைப்பிடிப் பக்கம் கிட்டத்தட்ட 2 மி.மீ. கீழே இறங்கும். ஒரு நூல் கேப் காலி. இதைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்க கதவை இழைப்புளியால் இழைப்பாங்க. தப்பு கதவுல இல்லை, ஸ்க்ரூவுல இருக்கு. முதல்ல ஸ்க்ரூவை டைட் பண்ணிப் பாருங்க.

ஸ்க்ரூன்னதும் ஞாபகம் வருது. நிறைய இடத்தில் ஸ்க்ரூவை முக்கால்வாசி சுத்தியலால் அடிச்சு இறக்கிட்டு, கடைசி ரெண்டு சுத்து மட்டும் திருப்புளியால் திருகுவாங்க. பார்க்க நல்லா இருக்கும். ஆனா ஸ்க்ரூவோட பிடிப்பே அதோட மரை மரத்தை வெட்டிக்கிட்டு உட்கார்றதுல தான் இருக்கு. அடிச்சா அந்த இடத்து நார் எல்லாம் கிழிஞ்சிடும். முதல்ல ஸ்க்ரூவை விட மெல்லிசா ஒரு துளை போட்டு, அப்புறம் முழுசா திருகச் சொல்லுங்க. சுத்தியல் எடுத்தா பக்கத்திலேயே நில்லுங்க. மரியாதையா, டீ வாங்கிக் கொடுத்துட்டு நில்லுங்க.

பழைய கோவில் கதவுகளைப் பார்த்திருக்கீங்களா? அதுக்குக் கீலே கிடையாது. கதவோட ஒரு ஓரத்தில் மேலேயும் கீழேயும் குடுமி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பேரே குடுமி தான். கீழ்க் குடுமி கல்லுல குடைஞ்ச குழியில் உட்காரும். கதவோட எடை முழுக்க நேரா கல்லுக்குப் போயிடும். எந்த ஸ்க்ரூவும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. துணிக்கடை கண்ணாடிக் கதவுகளுக்குத் தரையில் புதைச்சு வைக்கிற ஃப்ளோர் ஸ்பிரிங்கும் இதே ஐடியா தான்.

சாமான் வேட்டை

காஞ்சிபுரத்தில் மூங்கில் மண்டபத்தில் இறங்கி, அப்பாவும் நானும் ஒரு நாள் முழுக்கக் கடை கடையா ஏறினோம். அடுத்த வாரம் நான் தனியா சென்னை பாரிமுனைக்குப் போனேன். இந்த ரெண்டு நாளில் கத்துக்கிட்டது:

முதல்ல, லிஸ்ட் இல்லாமல் போகாதீங்க. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பேப்பர். கதவோட தடிமன், அகலம், சட்டத்தோட அகலம், எந்தப் பக்கம் கீல், உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா. "லெஃப்ட் ஹேண்டா ரைட் ஹேண்டா"ன்னு கடையில் கேட்பாங்க. அதை எந்தப் பக்கம் நின்னு சொல்றதுன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வச்சிருக்காங்க. அதனால் வார்த்தையில் சொல்லாமல் படம் வரைஞ்சு காட்டுங்க. நான் முதல் தடவை வார்த்தையில் சொல்லி வாங்கின லாக்கைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை பஸ் ஏறினேன்.

ரெண்டாவது, 4 இன்ச் கீல்னு கேட்டா எல்லாக் கடையிலும் 4 இன்ச் கீல் கொடுப்பாங்க. தடிமனை யாரும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணு 2 மி.மீ., இன்னொண்ணு 3 மி.மீ. கையில் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். நான் வெர்னியர் காலிப்பரை எடுத்துட்டுப் போயிருந்தேன். கடைக்காரர் என்னை ஏதோ இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தார். நடுவுல இருக்கிற ஊசியையும் ஆட்டிப் பாருங்க, லூசா ஆடினா வேண்டாம். இரும்புக் கீலுக்கு ஐ.எஸ். 1341, டவர் போல்ட்டுக்கு ஐ.எஸ். 204ன்னு தரநிலைகள் இருக்கு, கேட்டுப் பாருங்க.

மூணாவது, காந்த டெஸ்ட். "சுத்தமான 304 சார், பாருங்க காந்தம் ஒட்டல"ன்னு காட்டுவாங்க. ஏமாறாதீங்க. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைவான 202-ல் நிக்கலைக் குறைச்சு மாங்கனீசை ஏத்தியிருப்பாங்க. ரெண்டுமே சாதாரணமா காந்தத்தில் ஒட்டாது. அதனால் காந்தம் இரும்பையும் 400 வரிசை ஸ்டீலையும் தான் காட்டிக் கொடுக்கும். 202-ஐக் காட்டிக் கொடுக்காது. பாத்ரூமுக்கும் வாசலுக்கும் 304 வேணும்னா, பொருளில் அடிச்சிருக்கா, பில்லில் எழுதித் தர்றாங்களான்னு பாருங்க. உள் அறைகளுக்கு 202 போதும், அங்கே காசை மிச்சம் பண்ணுங்க.

நாலாவது, கீலோட சேர்த்து அதே உலோகத்தில் ஸ்க்ரூ வாங்குங்க. நல்ல கீலுக்குச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டா ஸ்க்ரூ துருப்பிடிச்சு, கீல் மட்டும் புதுசா கீழே விழும். தேக்குல இரும்பு ஸ்க்ரூ ஈரத்தோட சேர்ந்தா கறுப்புக் கறையும் வரும்.

ஐந்தாவது, எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது. அவர் எந்தச் சாமானையும் கண்ணால பார்க்கல. விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். பிசிறு இருந்தா கீழே வச்சுட்டார். "தறி ரூம்ல பட்டு போகும் வரும். ஒரு பிசிறு போதும், இழை மாட்டி இழுத்துடும்"னார். பல நாள் உழைப்பு ஒரு தாழ்ப்பாள் பிசிறில் போயிடும். அவரோட விரல் பார்த்த பர்ரை என் வெர்னியர் பார்க்கல.

பூட்டு

நம்ம ஊர்ல பூட்டுன்னா திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. வடக்கே அலிகார் பூட்டுகள் மெஷினில் மலிவா வந்த பிறகு கையால் செய்ற அந்தத் தொழில் ரொம்பச் சுருங்கிடுச்சு. நம்ம ஊர் காஞ்சிபுரம் பட்டுக்கும் பவர்லூமுக்கும் நடக்கிற அதே கதை. வெளி கேட்டுக்கும் சாமான் அறைக்கும் திண்டுக்கல் தொங்குபூட்டு தான் போட்டிருக்கோம். அப்பா பிடிவாதமா அது தான் வேணும்னார்.

தலைவாசலுக்கு மார்ட்டைஸ் லாக். கதவுக்குள்ளேயே புதைக்கிற வகை. இதுக்கு ஆசாரி நெடுஞ்சட்டத்தில் பெரிய பொந்து குடையணும். குறுக்குச்சட்டத்தோட நாக்கு நெடுஞ்சட்டத்துக்குள்ள போய்ச் சேர்ற இடத்தில் அந்தப் பொந்து வந்துடக் கூடாது. வந்தா கதவோட மூட்டையே வெட்டின மாதிரி. அதனால் கதவு செய்யக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே லாக்கை வாங்கி ஆசாரி கையில் கொடுத்துடுங்க. எல்லாரும் பண்றது தலைகீழ்: கதவு செஞ்ச பிறகு லாக் வாங்கறது.

பாத்ரூமுக்கு இனிமே டவர் போல்ட் வேண்டாம். உள்ளே பூட்டினாலும், அவசரத்துக்கு வெளியே இருந்து ஒரு காசை வச்சுத் திருப்பித் திறக்கிற லாட்ச் கிடைக்குது. வீட்டில் வயசானவங்களோ சின்னப் பிள்ளைங்களோ இருந்தா இது ஒண்ணை மட்டும் கண்டிப்பா வாங்கிடுங்க. இந்தக் கட்டுரையில் மத்த எல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்லை.

கடைசியா, எந்தப் பக்கம் திறக்கணும்?

3 அடி கதவு திறந்து மூட எவ்வளவு தரை வேணும்? கால் வட்டம். 3.14 × 9 ÷ 4, சுமார் 7 சதுர அடி. அந்த இடத்தில் கட்டில், பீரோ எதுவும் வைக்க முடியாது. 360 சதுர அடி வீட்டில் இப்படி 5 கதவு உள்ளே திறந்தா 35 சதுர அடி கதவுக்கே போயிடும். அதனால் தறி அறைக் கதவை வெளியே திறக்கிற மாதிரி வச்சோம். தறி அந்த அறையோட முக்கால்வாசி. கதவு உள்ளே வந்தா அப்பா வெளியே போகணும்.

மாட்டுற வரிசை இது: முதல்ல கதவைக் கீழே சின்ன ஆப்பு வச்சு நிலைக்குள்ள நிறுத்திப் பார்க்கணும். சுத்தி ஒரு நூல் வருதான்னு பார்த்து, தேவையான இடத்தில் இழைக்கணும். அப்புறம் கீலுக்கு உளியால் பள்ளம் எடுக்கணும், கீல் தகடு மரத்தோட சமமா உட்கார்ற ஆழம் மட்டும். ஒவ்வொரு கீலுக்கும் முதல்ல ஒரே ஒரு ஸ்க்ரூ. திறந்து மூடிப் பார்த்து எல்லாம் சரின்னா மீதி ஸ்க்ரூ. கைப்பிடி, லாக், ஸ்டாப்பர் எல்லாம் அதுக்கு அப்புறம். கோடையில் மாட்டினா கேப் ஒரு நூலை விடக் கொஞ்சம் தாராளமா விடுங்க. மழைக்காலத்தில் மரம் அதை எடுத்துக்கும்.

எங்க புது பாத்ரூம் கதவை மாட்டி முடிச்ச அன்னைக்கு, ஆயாவைக் கூப்பிட்டு டெமோ காட்டினேன். "உள்ளே போய்ப் பூட்டுங்க ஆயா, நான் வெளியே இருந்து திறக்கறேன்"னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் உள்ளே போய்ப் பூட்டினாங்க. ஒரு ரூபாய்க் காசை வச்சுத் திருப்பினேன், திறந்துச்சு. "இன்னொரு தடவை"ன்னாங்க. ஏழு தடவை திறந்து காட்டின பிறகு தான் நம்பினாங்க.

தாத்தாவோட பழைய கதவு? அதை உடைக்கல. தறி அறையில் சுவரோரமா பலகையா மாட்டியிருக்கோம், அப்பா நூல் கண்டு வைக்கிறார். மழைக்காலத்தில் அது எவ்வளவு வேணும்னாலும் விரியட்டும். இப்போ அது யாரையும் பிடிச்சு வைக்காது.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டு பாத்ரூம் கதவை வெளியே இருந்து திறக்க வழி இருக்கான்னு பாருங்க.